ஆமென் சொல்ல முடியாத விண்ணப்பம்

1991 ஜூன் மாதம். எங்கள் வீட்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார்.

"உன் பேச்சு சிலோன் பேச்சா கீதே. இன்னா பேப்பர் வச்சிக்கினு கீற?"

இந்தியாவில் வாங்கிய பேப்பர் ஒன்றும் என்னிடம் இல்லை. சகோதர சகோதரிகளே, நான் சிலோனில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா இறந்த பிறகு சின்னம்மாவோடு கப்பலேறி வந்தேன். வடக்குப்பட்டுக்காரரான தேவராஜைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் மறைமலை நகரில் கம்பெனி வேலைக்குப் போகிறவர். எங்கள் மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் குடியுரிமைக்கு மனு கொடுத்த ரசீதைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அகதி முகாம்தான் என்று சொல்லிவிட்டு அந்தப் போலீஸ்காரர் போய்விட்டார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன்.

தாலுகா ஆபீஸ் மரத்தடியில் மனு எழுதுகிறவர் வழி சொன்னார். "பொறந்த ஊரு வடக்குப்பட்டு, சின்ன வயசுல சிலோன் போயி திரும்பி வந்தவன்னு போட்டுட்டா சுளுவா முடிஞ்சிடும்." என் கணவரும் தலையாட்டினார். 'மேலே சொன்னவை எல்லாம் உண்மை' என்ற வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளிக்கூடமோ, வேலையோ, எந்த விண்ணப்பமானாலும் கொடுப்பதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கொண்டு வருவோம். பாஸ்டர் ஐயா அதன்மேல் கை வைத்து ஜெபிப்பார், எல்லோரும் ஆமென் சொல்வோம். அன்றைக்கும் எல்லோரும் சத்தமாகச் சொன்னார்கள். என் நாக்கு மட்டும் எழவில்லை.

"ஏம்மா மேரி, நீ ஆமென் சொல்லலையே?"

"அதுல எழுதியிருக்கிறது பொய்ங்க ஐயா."

அவர் கையை எடுத்துவிட்டார். பொய்யை எழுதிக் கொண்டுவந்து, ஆசீர்வதியும் என்று தேவனிடமே நீட்டியிருக்கிறேனே!

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கத்தினார். "புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? கைக்கொழந்தைய வுட்டுட்டு கேம்ப்ல போயி குந்திக்கினு இருப்பியா?" அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் பயந்துதான் போயிருந்தார்.

புதுப் படிவம் வாங்கினேன். பிறந்த தேதி என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. என்னிடம் இருந்த ஒரே தாள் தோட்டத்துப் பதிவுச் சீட்டு. அதிலும் என் வயது பொய். சீக்கிரம் கொழுந்து எடுக்கப் பேர் பதியட்டும் என்று, கணக்குப்பிள்ளையிடம் அம்மா எனக்கு இரண்டு வயது கூட்டிச் சொல்லியிருந்தாள். பசிக்காகச் சொன்னது. உண்மையான தேதி எனக்கே தெரியாது.

ஞானஸ்நானப் பதிவைக் கேட்டு தோட்டத்துச் சபைக்குக் கடிதம் போட்டேன். ஜூலை போனது, பதில் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, இனி பொய் எழுத மாட்டேன். உண்மையை நீரே கொண்டு வாரும்" என்று முழங்காலில் நின்றேன். பழைய படிவத்தையே கொடுத்துவிடலாமா என்று மனம் தடுமாறியதும் உண்டு. மறைக்க மாட்டேன்.

ஆகஸ்ட் முடிய நான்கு நாள் இருந்தது. தபால்காரர் வந்தார். உறைக்குள் பதிவேட்டின் நகல். என் பெயர், தோட்டத்தின் பெயர், பிறந்த தேதி. பக்கத்தில், 'விவரம் சொன்னவர்: தாய்' என்று எழுதியிருந்தது. கணக்குப்பிள்ளையிடம் வயதைக் கூட்டிச் சொன்ன என் அம்மா, தேவனுடைய வீட்டில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மினேன். என் கணவர் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அடுத்த நாள் கலெக்டர் ஆபீசில் கொடுத்து ரசீது வாங்கினோம். ஒன்றரை வருஷம் விசாரித்தார்கள். எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னேன், பயமில்லாமல். குடியுரிமைச் சான்றிதழ் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை சபையில் முதலில் ஆமென் சொன்னவர் என் கணவர்தான்.

இதை வாசிக்கிற உங்கள் பையிலும் ஏதாவது ஒரு படிவம் இருக்கலாம். பயந்து போய் எதையாவது எழுதிவிடாதீர்கள். ஆண்டவரை நம்பி உண்மையை எழுதுங்கள். ஜெபம் முடியும்போது உங்கள் வாயும் திறக்கட்டும்.