விரித்துப் பிடித்த துண்டு

மகளின் நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தேன். குளோரின் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடியும் பதினேழு வயதாகிவிட்டது.

அப்போது எங்கள் வலியசாலை வீட்டிலிருந்து அப்பா தினமும் விடியற்காலையில் என்னை சைக்கிளில் நீச்சல்குளத்துக்குக் கூட்டிப்போவார். நான் கரையேறும்போது யாரும் பார்க்காதபடி துண்டை விரித்துப் பிடித்து, தன் முகத்தையும் திருப்பிக்கொள்வார். பொம்பளப் பிள்ளைக்கு நீச்சலா என்று தெருவே ஏசியது, அவர் அசரவில்லை. மாநிலப் போட்டியில் ஜெயித்தேன். அடுத்த வருஷமே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசாங்க வேலையும் கிடைத்தது.

ஆர்டர் வந்த மறுநாளும் வழக்கம்போல எழுந்து வாசலில் நின்றேன். அப்பா சைக்கிளை எடுக்கவில்லை.

"வேலைதான் கெடச்சாச்சே. இனிமே எதுக்குடி நீச்சல்?" என்றார். வாழ்க்கையில் ஜெயித்துவிட்ட முகம் அது. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் வீட்டுக்குள் திரும்பிவிட்டேன். இப்போது நான் சூப்பரிண்டெண்ட். தண்ணீரில் இறங்கி இருபத்தைந்து வருஷமாகிறது.

மகள் கரையோரம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீச்சலுக்காகப் பரீட்சையில கிரேஸ் மார்க் கெடச்சாச்சு, இனி போறும்னு அப்பா சொல்றாம்மா. எனக்கு நீந்தணும். நீ சொன்னா கேப்பா இல்லியா?"

அவள் படியேறி வந்தாள். நான் துண்டை விரித்துப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.