இரண்டு வேளைக் கடுக்காய்

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டாயிற்று. அதற்குப் பிறகு நான் உட்கார்ந்து படித்தவை மருந்துச் சீட்டுகள்தான், அதுவும் என் மனைவிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த பிறகு. கட்டியை அறுத்து எடுத்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ ஊசி. அவள் தைரியமாகத்தான் இருந்தாள். நான்தான் அவள் இருமினாலும் பயந்தேன், இருமாவிட்டாலும் பயந்தேன்.

எங்கள் மகள் சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, நீ சாயத்துக்குப் போடற கடுக்காய்தான்பா எங்க லேப்ல இப்ப ஹீரோ. அந்தத் துவர்ப்புல பீனால்னு ஒரு வகை ரசாயனம் இருக்குது. அதைப் பிரிச்செடுத்து மார்புப் புற்றுநோய் செல்லு மேல விட்டோம். நிறைய செல்லு செத்துப்போச்சு."

அதன் பிறகு "ஆனா" என்று ஆரம்பித்து இன்னும் நிறையச் சொன்னாளாம். என் காதில் ஏறியது செத்துப்போச்சு என்பது மட்டும்தான்.

கடுக்காயை எனக்குத் தெரியாதா? இயற்கைச் சாயத்தில் சேலை கேட்டு ஆர்டர் வந்தால், நூலை முதலில் கடுக்காய்த் தண்ணீரில்தான் ஊறவைப்பேன். அந்தத் துவர்ப்பு நூலைப் பிடித்துக்கொள்ளும்; அடுத்து வரும் சாயத்தையும் விடாது. அப்படிப்பட்ட பொருள் உடம்புக்குள் போனால் மிச்சம் மீதி நோயையும் பிடித்துக்கொள்ளாதா என்று நினைத்தேன். மறுநாள் காலையில் கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து, நாலு தம்ளர் தண்ணீரை ஒரு தம்ளராகச் சுண்டவைத்துக் கொடுத்தேன்.

அவள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாய்யா இது? என்னையும் தோய்ச்சுக் கொடியில காயப்போடப் போறியா?"

"குடிம்மா. நம்ம பொண்ணு கண்டுபுடிச்சது."

"அவ குடிக்கச் சொன்னாளா?"

"எல்லாத்தையும் வாய விட்டுச் சொல்லிக்கினு இருப்பாங்களா? நாமதான் புரிஞ்சுக்கணும்."

மகள் பேச்சு வந்ததால் குடித்தாள். ஒரு தரம் தோய்த்து நிறம் ஏறாவிட்டால் இன்னொரு தரம் தோய்ப்பது எங்கள் தொழில் வழக்கம். பத்து நாள் ஆனதும் சாயங்காலமும் ஒரு தம்ளர் கொடுத்தேன். மகளிடம் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

அடுத்த ஊசிக்குப் போனபோது ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். ரத்தத்தில் ஈரலைக் காட்டும் அளவு ஏறியிருக்கிறது, இன்றைக்கு ஊசி கிடையாது என்றார்.

"நாட்டு மருந்து, கஷாயம் ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?"

என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. "அதெல்லாம் இல்லீங்க மேடம்" என்றாள்.

எனக்குத் திட்டு விழக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னாள். அதை டாக்டரம்மா நம்பிவிட்டால், ஊசி மருந்துதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று அதைக் குறைத்துவிடுவாரே! படித்தவர்கள் முன்னால் எனக்கு வாயே வராது. சீட்டு வாங்கும் இடத்தில்கூட அவள்தான் பேசுவாள். அன்று நான் எழுந்து நின்றேன்.

"நான்தாம்மா குடுத்தேன். கடுக்காய். ரெண்டு வேளை."

டாக்டரம்மா கத்தவில்லை. "அதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாது. ஊசி மருந்தாலயும் ஏறும். முதல்ல அதை நிறுத்துங்க, ஒரு வாரம் கழிச்சுப் பார்க்கலாம்" என்றார்.

பஸ்ஸில் அவள்தான் கோபித்துக்கொண்டாள்.

"நான் இல்லன்னுட்டேன்ல? கோர்ட்டுல நிக்கிற மாதிரி எதுக்குய்யா எழுந்து நின்ன?"

"பயமா இருந்துச்சு."

"உனக்கு எதுக்குத்தான் பயமில்ல" என்று சொல்லி, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மகளுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன்.

"அய்யோ அப்பா! அது கண்ணாடித் தட்டுல வளர்ற செல்லுப்பா. அதுக்கு வயிறு ஏது, ஈரல் ஏது? மருந்தை நேரா அது தலையில ஊத்தறோம். அம்மா குடிச்சா எவ்ளோ ரத்தத்துல சேரும், ஊசி மருந்தோட மோதுமா, எதுவுமே எங்களுக்கு இன்னும் தெரியாதுப்பா."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. கிண்ணத்தில் கொஞ்சம் நூலைத் தோய்த்துப் பார்த்துவிட்டு, அதே கணக்கை நம்பி அண்டாவில் இறங்குகிறவர்களை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! கிண்ணத்தில் வந்த நிறம் அண்டாவில் அப்படியே வராது.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பங்கையும் சேர்த்து அவள் சாப்பிட்டாள். ஏழாம் நாள் பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். மருந்து சொட்டுச் சொட்டாக ஏறத் தொடங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அத முறைச்சுக்கினு நின்னா வேகமா எறங்குமா? போய் எதனா வாங்கிக்கினு வாய்யா, பசிக்குது."

வாசல் வரை போனவன் திரும்பி வந்து, இட்லி கொடுக்கலாமா என்று நர்ஸிடம் கேட்டேன்.

"தாராளமா குடுங்கண்ணா."

"சட்னி?"

பின்னால் கட்டிலில் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.