சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு முகூர்த்தப் புடவை

வியாழக்கிழமை விடியற்காலை தாம்பரத்தில் பேருந்து ஏறினேன். காஞ்சிபுரத்துக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையை வாங்கி வர வேண்டும். அவளுக்கு இகாட் வேலைதான் வேண்டுமாம். நெய்த துணியில் அச்சிடுவதல்ல அது. நூலையே அங்கங்கே இறுகக் கட்டிச் சாயத்தில் முக்கி, பிறகு நெய்தால் கிளியும் யானையும் தாமாகக் கூடிவரும். சம்பந்தியம்மாள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒரு நூல்கூடக் கருப்பு இருக்கக் கூடாது.

எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். சின்ன காஞ்சிபுரத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய். "கல்யாணப் பொடவையா சார்? தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்குது" என்று வண்டியைத் திருப்பப் பார்த்தார் ஓட்டுநர். ஏற்கெனவே சொல்லி வைத்தாகிவிட்டது என்றதும், "அப்ப தப்பிச்சீங்க" என்று அவரே சிரித்தார்.

நெசவாளர் ஏகாம்பரத்தின் வீட்டில் தறிச் சத்தம் வாசலுக்கே கேட்டது. உள்ளே எட்டிப் பார்த்தேன். தறியில் பச்சைக் கிளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் கருப்பு ஓரம்.

"என்னங்க இது? முகூர்த்தத்துக்குன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

நான் கத்திய கத்தலில் தறி நின்றது. அவர் மனைவி கஸ்தூரி உள்ளிருந்து ஓடிவந்தார். "சார், அது உங்களுது இல்ல. உங்களுது சாமி அலமாரியில இருக்குது."

எடுத்து வந்து பிரித்தார். அரக்குச் சிவப்பில் மஞ்சள் கிளிகள். கருப்பு மருந்துக்குக்கூட இல்லை. போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தேன்.

நடந்தது இதுதான். நூலைக் கட்டிச் சாயம் போடுவது தெலங்கானாவில். முகூர்த்தப் புடவை என்று சொல்ல ஏகாம்பரம் மறந்துவிட, அங்கே வழக்கம்போலக் கருப்பு ஓரம் வைத்து அனுப்பிவிட்டார்கள். பார்த்தவுடனே வேறு நூல் வரவழைத்து நெய்திருக்கிறார்.

"அப்ப இந்தக் கருப்பு யாருக்கு?"

கஸ்தூரி சொன்னார். "எங்க பொண்ணுக்கு சார். ரொம்ப வருசம் கழிச்சு முழுகாம இருக்குது. கண்ணு படக்கூடாதுன்னு வளைகாப்புக்குக் கருப்புதான் கட்டுவோம். தப்பா வந்த நூலு, அவளுக்குன்னே வந்தாப்ல ஆயிடுச்சு."

புடவையை வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டும்போது, கஸ்தூரி தயங்கித் தயங்கிக் கேட்டார். "உங்க பொண்ணு நல்லா இருக்கணும்னு வேண்டிக்கினேதான் நெய்தோம். எங்க பொண்ணுக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போங்க சார்."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிறைவாகவும் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போனேன். தறியிலிருந்த அந்தக் கருப்பின் மேல் கையை வைத்து, "தாயும் பிள்ளையுமா நல்லபடியா வீடு வந்து சேரணும்" என்றேன்.