ஒரு தரம், ரெண்டு தரம்

கவுண்டர் அக்கா என்று சொன்னால் கடைத்தெருவில் தெரியாதவர் இல்லை. ஒரு காலத்தில் பாத்திரக்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள். முதலாளி கடையை இழுத்து மூடி, உள்ளே இருந்ததையெல்லாம் ஏலத்தில் விட்ட அன்று வேடிக்கை பார்க்கத்தான் போனாள். வருஷக்கணக்காக அவள் முழங்கை ஊன்றிய கண்ணாடிக் கவுண்டருக்கு ஏலக்காரர் "ஒரு தரம்" என்றபோது கூட்டத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு மனசு கேட்கவில்லை. கையைத் தூக்கிவிட்டாள். அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது; கவுண்டர் அக்கா என்ற பேரும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்குள் வைக்க இடமில்லை. வாசலில் கிடந்ததை மறுநாளே ஒரு மருந்துக்கடைக்காரர் மூன்று மடங்கு கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்.

"நேத்து நீங்களும் அங்கதானே இருந்தீங்க? அப்பவே கேட்டிருக்கலாமே?"

"யாருமே கேக்கலியேம்மா. எனக்குப் பயமாப் போச்சு" என்றார் அவர்.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தத் தொழில். மூடுகிற கடைகளின் சாமான்களை ஏலத்தில் எடுப்பாள், திறக்கிற கடைகளுக்கு விற்பாள். வீட்டுப் பக்கத்து ஷெட்டில் தராசுகளும் ஷட்டர்களும் சுழல் நாற்காலிகளும் அடைசலாக நிற்கும். எந்த மோட்டார் ஓடும், எந்தக் கதவு இறங்கும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள். எது என்ன விலைக்குப் போகும் என்று மட்டும் இன்றுவரை அவளுக்குப் பிடிபடவில்லை. துருப்பிடித்த அலமாரிக்கு ஆட்கள் அடித்துக்கொள்வார்கள். புத்தம் புது மிக்ஸியைச் சீந்த ஆளிருக்காது. மழை பெய்தால் விலை இறங்கும் என்று நினைத்துக் குடையோடு போனால், அன்றைக்குத்தான் யானை விலை, குதிரை விலை சொல்வார்கள்.

புருஷன் தையல்காரர். எதையும் அளந்தே பழகியவர். "இத்தனை நாளாச்சு, ஒரு கணக்கு வந்திருக்கணுமே?" என்று கேட்பார்.

"வரலைங்க. வர வரக் குழப்பம்தான் ஜாஸ்தியாகுது."

அப்படியிருக்கையில்தான் பேக்கரிக்காரர் வந்தார். ஊரின் பெரிய ஹோட்டல் ஒன்று படுத்துவிட்டது. அதன் சமையல்கட்டுச் சாமான் எல்லாம் ஏலத்துக்கு வருகிறது, அதில் மாவு பிசையும் மெஷின் ஒன்று இருக்கிறது. "அடுப்பை விட்டு என்னால நகர முடியாதுக்கா. எப்படியாவது எடுத்துக் குடுங்க. புது விலையில பாதி வரைக்கும் போங்க" என்றார்.

"பாக்குறேன் தம்பி. கிடைக்கும்னு வாக்குக் குடுக்க மாட்டேன்."

ஏலத்தன்று சமையல்கட்டில் நிற்க இடமில்லை. முதலில் ஒரு ஃப்ரீசர் வந்தது. அக்கா காலையிலேயே கதவைத் திறந்து, ரப்பரை அழுத்தி, கம்ப்ரஸர் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டிருந்தாள். ஒரு குறையும் இல்லை. ஏலக்காரர் தொண்டை கிழியக் கூவியும் ஒரு கை எழவில்லை. தயங்கித் தயங்கி அவள் தூக்கினாள். "மூணு தரம்!" கிடைத்தேவிட்டது. சந்தோஷப்படுவதற்குப் பதிலாக மறுபடி போய் ஃப்ரீசர் கதவைத் திறந்து பார்த்தாள். இத்தனை பேர் கண்ணுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று நமக்குத் தெரியாமல் போய்விட்டதோ?

அந்தக் கலக்கத்தோடு நின்றபோதே மாவு மெஷின் வந்தது. கை தூக்கினாள். எதிர்ச்சுவர் ஓரமாக நீலச் சட்டை போட்ட இளைஞன் ஒருவனும் தூக்கினான். அவள் ஏறினாள். அவனும் விடவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்க, இருவர் மட்டும் மிஞ்சினார்கள். பாதி விலையில் அவள் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இவன் இப்படி விடாமல் நிற்கிறானே, இந்த மெஷினில் என்னவோ இருக்கிறது என்று தோன்ற, கை தன்பாட்டுக்கு மேலே போனது. ஏலக்காரர் தண்ணீர் குடிக்க நிறுத்திய இடைவெளியில்தான் அவளுக்கு உறைத்தது. விலை புது மெஷினையே தாண்டிவிட்டது! கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள். மெஷின் நீலச் சட்டைக்குப் போனது.

பொறுக்க முடியாமல் அவனிடமே போனாள்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. கடையில புதுசே இதைவிடக் கம்மியாக் கிடைக்குமே, ஏன் எடுத்தீங்க?"

அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. "நீங்க கவுண்டர் அக்கா இல்லையா? உங்ககிட்ட விடவே கூடாதுன்னு எங்க மாமா சொல்லி அனுப்பினாருங்க."

"யாரு உங்க மாமா?"

"பேக்கரி வெச்சிருக்காரே, அவருதான்."

அக்கா அப்படியே ஒரு கவிழ்த்த அண்டாமேல் உட்கார்ந்துவிட்டாள்.

மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு இருவருமாகப் பேக்கரிக்குப் போனார்கள். விஷயத்தைக் கேட்டதும் பேக்கரிக்காரர் மாவுக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார். முடியெல்லாம் வெள்ளையானது. "ஏன்டா, அக்கா விட்டுட்டா நீ விடாதேன்னுதானே சொன்னேன்!"

"அக்காகிட்ட விடாதேன்னுதான் மாமா என் காதுல விழுந்துச்சு."

"என்மேல நம்பிக்கை இல்லாமத்தானே தம்பி ஆள் அனுப்பினீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"வாக்குக் குடுக்க மாட்டேன்னீங்களேக்கா, அதான் மனசு அடிச்சுக்கிச்சு. இப்ப யாரைக் கோவிச்சுக்கிறதுன்னே எனக்குத் தெரியல."

"எனக்கும்தான் தெரியல" என்றாள் அவள். மூன்று பேரும் சேர்ந்து மெஷினை வண்டியிலிருந்து இறக்கினார்கள். யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை.

மறுநாள் பேக்கரிக்காரர் அந்த நீலச் சட்டை மச்சானோடு ஷெட்டுக்கு வந்தார். ஃப்ரீசரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். அக்கா மனசில் நினைத்ததைவிட அது கொஞ்சம் அதிகம். அவள் சரி என்பதற்குள், "நான் ஐந்நூறு கூடத் தரேன் மாமா" என்றான் மச்சான்.

"டேய்! உனக்கு எதுக்குடா ஃப்ரீசர்?"

"தெரியல மாமா. நீங்க கேட்டீங்களா, நல்லதுதான் போலன்னு தோணிச்சு."

கடைசியில் பேக்கரிக்காரரே அந்த ஐந்நூற்றையும் சேர்த்துக் கொடுத்து எடுத்துக்கொண்டார்.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த புருஷன், "அப்ப இந்த மாதிரி ஃப்ரீசருக்கு இதுதான் விலைன்னு வெச்சுக்கலாமா?" என்றார்.

வெளியே ஆட்கள் ஃப்ரீசரைக் குப்புறச் சாய்க்கப் போனார்கள். "ஐயோ, படுக்கப் போடாதீங்கப்பா, கம்ப்ரஸர் போயிடும், நிமிர்த்தியே தூக்குங்க!" என்று கத்திக்கொண்டு அக்கா ஓடினாள்.