எப்போது என்று மட்டும் கேட்பவர்

கத்தரிக்கோல் ஒரு சின்ன மேசைக் காலண்டரை வாரம் வாரமாக நறுக்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வாரமும் விரல் அகலத்தில் ஒரு நாடா. ஒன்றின் வாலில் இன்னொன்றின் தலையை வைத்துப் பசை தடவி ஒட்டுகின்றன நிர்மலாவின் கைகள். பதினைந்து வாரம் சேர்ந்ததும் தாள் மேசையைத் தாண்டித் தொங்குகிறது. அதில் ஓர் எழுத்தும் எழுதப்படாது. பயத்துக்குக் காரணமான நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை நாட்களுக்குப் புள்ளி, பரிசோதனை நாளுக்குச் சதுரம். வாங்கிப்போகிறவரின் சட்டைப்பையிலிருந்து வீட்டில் யாராவது எடுத்தாலும் கேஸ் சிலிண்டருக்குக் குறித்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

நிர்மலாவுக்கு நாற்பத்தாறு வயது. மைசூரில் ஓர் அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் பதினெட்டு வருடமாக ஆலோசகர். வருகிறவரின் நாற்காலியைத் தன்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டிருக்கிறார். கன்னடத்தில் தொடங்கினால் கன்னடம். தமிழ் என்று தெரிந்தால் பிறந்த ஊரான ஹனூர் பக்கத்துப் பேச்சு.

யாரோடு என்று அவர் கேட்பதில்லை. எப்போது, எப்படி, ஆணுறை இருந்ததா, இருந்து கிழிந்ததா, புண் உண்டா, எரிச்சல் உண்டா என்று தையல்காரர் அளவெடுக்கிற முகத்தோடு கேட்பார். சொல்லப்படும் தேதியையும் உடனே நம்பிவிட மாட்டார். "பயந்தவங்களுக்குத் தேதி நிக்காதுங்க. அன்னிக்கு என்ன தின்னாங்க, என்ன வேல செஞ்சாங்கன்னு கேட்டாத்தான் நாளு வெளிய வரும்" என்பார்.

கணவர் லிங்கப்பன் நஞ்சன்கூட்டில் ஓர் ஆலையில் மேற்பார்வையாளர். ஊர் ஆண்கள் எல்லாம் தன் மனைவியிடம் மனதைத் திறக்கிறார்கள் என்பது அவருக்கு ஆறாத எரிச்சல். தினமும் இரண்டு முறை போன் செய்வார். ஒருமுறை லீவு போட்டு வந்து, ஒருவர் உள்ளே போய் வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று வராந்தாவில் நின்று பார்த்தார். அன்று வீட்டில், "எங்கூட இருவத்திரண்டு நிமிசம் நீ உக்காந்து பேசி எத்தன வருசமாச்சு?" என்று கேட்டாராம். மறுநாளே நிர்மலா தன் ஆலோசனை அறைக்கு உள்தாழ்ப்பாள் போடச் சொன்னார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தவரைச் சித்தையன் என்று வைத்துக்கொள்வோம். அது அவர் பெயரல்ல. தேவராஜ மொஹல்லா கடைத்தெருவில் வாழையிலைக் கட்டு இறக்குகிறவர். வந்ததும் தனக்கு ஒன்றுமில்லை என்றும், மனைவிக்கு என்னென்ன டெஸ்ட் எடுக்கலாம் என்றும் கேட்டார். மனைவி மாரியம்மன் பண்டிகைக்குத் தன் ஊரான கௌதள்ளிக்குப் போயிருக்கிறாள். அங்கே அவளுடைய மாமன் மகன் இருக்கிறான். சித்தையன் வராவிட்டால் அவனுக்குத்தான் அவளைக் கட்டிக்கொடுத்திருப்பார்கள். அந்த முறைப்பையன் தன் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்த படத்தில் அவள் பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். ஸ்டேட்டஸ் மறைவதற்குள் சித்தையன் அதைத் தன் போனில் பிடித்து வைத்துவிட்டார். விரலால் பெரிதாக்கிக் காட்டினார்.

"பாருங்கக்கா, நடுவுல ஒரு கை எடங்கூட இல்ல. சும்னே, காரணமில்லாம ஒருத்தி இப்படிச் சிரிப்பாளா? ரத்தம் பாத்தாத் தெரிஞ்சிருமில்லீங்க, அவகூட அவன் இருந்தானான்னு?"

"ரத்தத்துல நோய் தெரியும் தம்பி. ஆளு தெரியாது. நீங்க எங்க போனீங்க?"

சித்தையன் போனைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு சொன்னார். படத்தைப் பார்த்த ஆத்திரத்தில் நஞ்சன்கூட்டுக்கு ரயில் ஏறி, லாட்ஜில் அறை எடுத்து, முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு இருந்திருக்கிறார். ஆணுறை இல்லை. ஒன்பது நாள் ஆயிற்று என்றார்.

எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஒன்பது நாள் என்றால் அந்த வழி அடைபட்டுவிட்டது. நிர்மலா பேனாவை மூடினார். மூடிய பிறகும் பழக்கம் விடவில்லை. அன்று என்ன லோடு இறக்கினீர்கள் என்று கேட்டார்.

"மறுநாள் முகூர்த்தமுங்க. எலைக்கட்டு ரெண்டு மடங்கு. முடிச்சுட்டு அப்படியே ரயிலேறிட்டேன்."

நிர்மலா சுவர்க் காலண்டரைப் பார்த்தார். ஒன்பது நாளைக்கு முன்னும் அதன் மறுநாளும் முகூர்த்தமே இல்லை. இருந்தது முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை.

"அப்ப நீங்க போனது சனிக்கிழம. ஒம்பது நாளுன்னீங்களே?"

"அது அவ ஊருக்குப் போன நாளுங்க" என்றார் சித்தையன். "அன்னிக்குத்தான எல்லாம் ஆரம்பிச்சுது."

சனிக்கிழமை இரவு ஒன்பது மணி வாக்கில் என்றால், இன்னும் பத்து மணி நேரம் கையில் இருந்தது. நிர்மலா யாரையும் அனுப்பவில்லை. தானே டாக்டரிடம் கூட்டிப்போனார், ரத்தம் எடுக்க வைத்தார், முதல் மாத்திரையைத் தன் பாட்டில் தண்ணீரில் விழுங்க வைத்தார். சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் சித்தையனுக்குத் தெம்பு வந்துவிட்டது. இது பழைய கதைக்கான பதில், சனிக்கிழமைக்கு இன்னும் பதில் வரவில்லை என்றார் நிர்மலா. இருபத்தெட்டு நாள் மாத்திரை. ஆறாவது வாரம் ஒரு சோதனை, மூன்றாவது மாதம் ஒரு சோதனை. அதுவரை வீட்டில் ஆணுறை கட்டாயம்.

"சாயந்தரம் வர்றா. ஏன்னு கேப்பாளே."

"கேப்பாங்க. சொல்றதுக்குத் தைரியம் வரலீன்னா இங்க கூட்டிட்டு வாங்க, நான் கூட இருக்கறேன். ஆனா அவங்களாச் சரின்னாத்தான் ரத்தம் எடுப்போம். ரிப்போர்ட்டு அவங்க கைக்குத்தான், உங்க கைக்கில்ல. இனி அவங்களுக்கு ஏதாச்சும் வந்தா, மொதல்ல உங்க சனிக்கிழமையத்தான் பாக்கோணும்."

மேசையில் போன் அதிர்ந்தது. லிங்கப்பன். நிர்மலா அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காலையில் ஒட்டி முடித்த தாளை இழுத்தார். சனிக்கிழமைக்கு வட்டம். இருபத்தெட்டுப் புள்ளிகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டே வைத்தார். இரண்டு சதுரங்கள்.

சித்தையன் குனிந்து பார்த்தார். தாளின் தொடக்கத்தில், மனைவி பஸ் ஏறிய ஞாயிற்றுக்கிழமையின் மேல் விரலை வைத்தார். "இதுக்கும் ஒரு வட்டம் போட்டுருங்கக்கா."

நிர்மலா கத்தரிக்கோலை எடுத்தார். அவர் விரலை மெல்ல நகர்த்திவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை உதிரும்படி சனிக்கிழமைக்கு முன்னால் நேராக ஒரு வெட்டு. மிச்சத்தை விசிறி மடிப்பாக மடித்து, சித்தையனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.