பத்து கஜக் கயிறு

கல்லூரி மைதானத்தைப் பெருக்குவதும், பந்தய நாட்களில் சுண்ணாம்புக் கோடு போடுவதும் முப்பது வருஷம் என் வேலையாக இருந்தது. முத்தியால்பேட்டையிலிருந்து நடந்தே போவேன். படிப்பு மூன்றாவதோடு நின்றுவிட்டாலும் அளவு எனக்குக் கைவந்தது. நான் போட்ட கோடு கோணல் என்று யாரும் சொன்னதில்லை. வேலையில் இருந்த கடைசி வருஷத்தில்தான் அந்த முட்டைப்பந்துக் குழு வந்தது.

அமெரிக்கன் ஃபுட்பால் என்பார்கள். பந்து உருண்டையாக இருக்காது, கோழிமுட்டை மாதிரி இரண்டு பக்கமும் கூராக இருக்கும். காலால் உதைப்பது எப்போதாவதுதான். கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவன் மேல் விழுவதும்தான் ஆட்டம். பிரான்சில் வளர்ந்து இங்கே படிக்க வந்த ஒரு பையன் ஆரம்பித்து வைத்தான். அவன்தான் கேப்டன். முதல் நாள் என்னை "மதாம்" என்று கூப்பிட்டான். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது வாரத்தில் அவனும் மற்றவர்களைப் போல ஆயா என்று கூப்பிடப் பழகிவிட்டான்.

ஆட்டத்துக்குத் தலைக்கவசம் வேண்டும். எல்லாருக்கும் போதாது, வெளியே வருகிறவன் கழற்றி உள்ளே போகிறவனுக்குக் கொடுப்பான். அந்த வியர்வை நாற்றத்தை இப்போது நினைத்தாலும் மூக்கு சுளிக்கிறது. சிரிப்பும் வருகிறது. சாயங்காலம் நான்தான் அவற்றை மதில்மேல் கவிழ்த்துக் காயவைப்பேன்.

எனக்கு அதில் இன்னொரு வேலையும் கிடைத்தது. பந்து வைத்திருக்கிறவர்கள் நான்கு முயற்சியில் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி உண்டு. இல்லையென்றால் பந்து எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும். அந்தப் பத்து கஜத்தை அளக்க இரண்டு கம்பும் நடுவே ஒரு சங்கிலியும் வேண்டும். சங்கிலி வாங்க வழியில்லை. துணிக்கடையில் பழைய கஜக்கோல் ஒன்று கிடந்தது. அதை இரவல் வாங்கிவந்து, புது நூல் கயிற்றைப் பத்துமுறை அளந்து கம்புகளில் கட்டினேன். ஒரு கம்பு என் கையில், மற்றது கல்லூரி வாட்ச்மேன் கையில்.

வாட்ச்மேன் பிள்ளைச்சாவடிக்காரர், கடலுக்குப் போகிற குடும்பம். கயிற்றை விரலால் நெருடிப் பார்த்தார்.

"யக்கா, இது நனைஞ்சா சுருங்கும். நைலான் வாங்கிக் கட்டு."

"நான் வலை கட்டலப்பா. உன் வேலையப் பாரு" என்றேன். நைலான் உள்ளங்கையை அறுக்கும் என்பது ஒரு காரணம். நான் கட்டியதை இன்னொருவர் குறை சொல்வதா என்பது பெரிய காரணம்.

முதல் ஆட்டத்திலேயே ஒரு பையனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பெற்றவர்கள் வந்து சத்தம் போட்டார்கள். பிரின்சிபால் பையன்களைக் கூப்பிட்டு, இந்த வருஷம் ஆட வேண்டிய நான்கில் ஒன்றாவது ஜெயித்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். முதல் ஆட்டம் தோல்வி. அடுத்த இரண்டும் அப்படியே. ஆனாலும் பையன்கள் விடியற்காலையில் வந்துவிடுவார்கள். நான் துடைப்பத்தோடு நுழையும்போதே கவசமும் கவசமும் மோதுகிற சத்தம் கேட்கும். கனகசெட்டிக்குளத்துப் பையன் ஒருவன் தினம் சைக்கிள் மிதித்து வருவான். அவனை இடித்துத் தள்ள ஆள் கிடையாது.

நான்காவது ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். கார்த்திகை மழை காலையிலிருந்தே விட்டுவிட்டுப் பெய்தது. நான் போட்ட சுண்ணாம்புக் கோடெல்லாம் கரைந்து பால் மாதிரி ஓடிவிட்டது. அதனால் அளவென்றால் கயிறு ஒன்றுதான். மத்தியானம் எங்கள் பையன்கள் பந்தோடு எல்லையைத் தாண்டி ஒரு டச்டவுன் போட்டு மூன்று புள்ளி முன்னால் இருந்தார்கள். நான் கம்பைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி சிரித்தேன்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. சென்னைக்காரர்களுக்குக் கடைசி முயற்சி. அவர்களைப் பத்து கஜத்துக்குள் நிறுத்திவிட்டால் பந்து நமக்கு, ஜெயிப்பும் நமக்கு. சேற்றில் குவியலாக விழுந்தார்கள். நடுவர் பந்து கிடந்த இடத்தைக் காட்டி அளக்கச் சொன்னார்.

வாட்ச்மேன் தன் கம்பை ஊன்றினார். நான் என் கம்பை இழுத்தேன். காய்ந்திருந்தபோது நடுவில் தொங்கும் கயிறு இப்போது விறைத்து நின்றது. எவ்வளவு இழுத்தும் என் கம்பு அந்தப் பக்கமே சாய்ந்தது. பந்தின் மூக்கு என் கம்பைத் தாண்டி நான்கு விரல் கிடந்தது. சரியான கயிறாக இருந்தால் தாண்டியிருக்காது. எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வாட்ச்மேன் என்னையே பார்த்தார்.

"அளவு சரியாம்மா?" என்று நடுவர் கேட்டார்.

கயிறு சுருங்கிவிட்டது என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாட்ச்மேன் எதிரில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சரிதான்" என்றேன்.

சென்னைக்காரர்களுக்கு மறுபடி நான்கு முயற்சி கிடைத்தது. இரண்டாவதிலேயே எல்லையைத் தாண்டி டச்டவுன் போட்டு ஜெயித்துவிட்டார்கள். எங்கள் பையன்கள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாரும் போனபின் கஜக்கோலை எடுத்து ஈரக்கயிற்றை அளந்தேன். ஒரு முழம் குறைந்திருந்தது.

சொன்னபடியே பிரின்சிபால் குழுவைக் கலைத்தார். சாமான்களை ஒப்படைக்க கேப்டன் பையன் மட்டும் வந்தான். கவசங்களை இருவரும் ஸ்டோர் ரூமில் அடுக்கினோம். பாதியில் எனக்குப் பொறுக்கவில்லை. கயிறு சுருங்கியதும், தெரிந்தே சொல்லாமல் இருந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவன் கவசத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "தெரியும் ஆயா. நம்ம டச்டவுனுக்கு முன்னாடியும் அதே கயிறுதான ரெண்டு தடவ நமக்கு மறுபடி நாலு முயற்சி குடுத்துச்சி. நான் வாயத் தொறந்தனா?"

"நீ ஆடறவன். நான் அளக்கறவ."

அவன் அடுத்த கவசத்தை என் கையில் கொடுத்தான். நான் வாங்கி அடுக்கினேன். கடைசிக் கவசம் வரை அப்படியே நடந்தது. கதவைப் பூட்டும்போது, விடியற்காலையில் இனிமேல் எழுந்திருக்க வேண்டாம், தூங்கலாம் என்று சிரிக்கப் பார்த்தான். அந்த மார்கழி முழுவதும் நான் வழக்கமான நேரத்துக்கே போனேன். மைதானம் சத்தமில்லாமல் இருந்தது. பெருக்கினேன்.