கேட்காமல் மாற்றிய கார்டு

என் வீட்டுக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம். யாருக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து கேட்கவே மாட்டார். "கேட்டுட்டு வாங்கிக் குடுத்தா அதுல என்னடி இருக்கு?" என்பார். அப்படித்தான் எனக்கு ஒரு பீரோ வந்தது. வாசலில் நுழையாமல், கதவைக் கழற்றும்வரை மாடிப்படியிலேயே நின்றது. போகிற வருகிற எல்லோரும் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்கள். இவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு பாகம் அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் ஓடிவிடும் என்பது இவர் நம்பிக்கை.

இவருடைய தம்பி எங்களோடுதான் இருக்கிறார். லாரி ஓட்டியவர். காதுக்குள் வந்த ஒரு நோய் தலைசுற்றலைக் கொடுத்து, வேலையைப் பிடுங்கிக்கொண்டது. படம் கொஞ்சம் வெட்டி வெட்டி ஓடினாலும் குமட்டும், டிவி பக்கமே போகமாட்டார். அவருக்கு ஒத்துக்கொண்ட ஒரே திரை, செங்கல் கனத்தில் ஒரு பழைய கேமிங் லேப்டாப். அதில் அடாப்டிவ் சிங்க் என்று ஒரு வசதி இருந்தது. கிராஃபிக்ஸ் கார்டு ஒரு படத்தை வரைந்து முடிக்கும்வரை திரை அதற்காகக் காத்திருக்கும். இரண்டு பேர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஒரே நடையாக நடப்பது மாதிரி. சாயங்காலமானால் கொழுந்தன் அதில் லாரி விளையாட்டைப் போட்டு, வளைவுக்கு வளைவு உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார். அந்த நேரத்தில் அவர் நோயாளியே இல்லை.

விளையாட்டில் புது ரோடுகள் சேரச் சேர, பழைய கார்டு திணறி லாரி நத்தையாக ஊர்ந்தது. கொழுந்தன் ஒரு குறையும் சொல்லவில்லை. இவருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அந்த லேப்டாப்பில் கார்டை மட்டும் கழற்றி மாற்றலாம் என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். கொழுந்தன் டாக்டரைப் பார்க்கப் போன நாளில், சாப்பாட்டு மேஜையில் அதைப் பிரித்துப் போட்டார்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமே?" என்றேன்.

"நீ சும்மா இரு. வந்து பாத்து அசந்து போகட்டும்."

பழைய கார்டைக் கடையில் கொடுத்துவிட்டு, பெரிய கார்டு ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. படமும் வந்தது. "பொருந்திடுச்சு பாத்தியா!" என்று ஸ்குரூடிரைவரை ஆட்டினார்.

கொழுந்தன் வந்து கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தார். "சூப்பரா போகுதுண்ணா," என்றார். இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அதன்பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும், தம்பியின் அறைக்கு வெளியே நின்று எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் கை கால் கழுவுவார்.

ஒரு நாள் மடித்த துணியை வைக்க அந்த அறைக்குப் போனேன். திரையில் லாரி ஒரு சுவரில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே உறுமியது. கொழுந்தன் ஒரு விரலால் பட்டனை அழுத்தியபடி கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு தம்பி?"

"படம் குறுக்க கிழியுது அண்ணி. மேல்பாதி முன்னால போகுது, கீழ்பாதி பின்னால வருது. பாத்தா குமட்டுது. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. அவருக்குச் சத்தம் கேட்டா போதும்."

நான் திரும்பினேன். வாசலில் இவர் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாளே கடைக்கு ஓடினார். நானும் போனேன். கடைக்காரப் பெண் லேப்டாப்பைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "இந்த ஸ்கிரீனோட சிங்க் ஆகறதுக்குப் பழைய கார்டைத்தான் கம்பெனியிலயே செட் பண்ணி வச்சிருக்காங்க சார். புதுசு ஸ்லாட்ல உக்காரும், ஸ்கிரீனோட ஒத்துப்போகாது." வேறு ஏதோ செட்டிங்கைப் போட்டுக் காட்டினாள். கிழிசல் போனது, படம் வெட்டி வெட்டி ஓடியது. தனி மானிட்டர் வைத்தாலும் இந்த மாடலில் சிங்க் வராதாம். பழைய கார்டு, இவர் கொடுத்த அன்றைக்கே கைமாறிவிட்டது. அதுபோல இன்னொன்று கிடைக்குமா என்று இவர் ஏறி இறங்காத கடை இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, ஆனால் இவர் முகத்தைப் பார்த்தபின் திட்ட வாய் வரவில்லை.

"மொத நாளே சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்று தம்பியிடம் கேட்டார்.

"நீ அவ்ளோ ஆசையா மாட்டி வச்சிருந்த. எப்படிண்ணா சொல்றது?"

"மெதுவா ஓடுதேன்னுதானேடா மாத்தினேன்."

"மெதுவாத்தான் ஓடுச்சு. ஆனா நான் ஓட்டினேன்லண்ணா."

அன்றைக்கு மூடிய லேப்டாப் பீரோவின் மேல் கிடக்கிறது. இப்போதெல்லாம் இவர் எதையும் கேட்டுத்தான் செய்கிறார். வேலைக்குக் கிளம்பும்போது தம்பியின் அறை வாசலில் நின்று, "உனக்கு ஏதாவது வேணுமாடா?" என்று கேட்கிறார்.

"ஒண்ணும் வேணாம்ணா," என்கிறார் கொழுந்தன்.